தகடூர் வாயிலும் ஆய்வு நல்கையும்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் உத்தனப்பள்ளி. ஒருபுறம் கேழ்வரகும் தக்காளியும் விளையும் நிலங்கள்; மறுபுறம் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப்புறம் இது. இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் பல நிற்கின்றன. எழுத்துடையன சில, எழுத்தில்லாதன பல. அவற்றைப் படித்துப் பொருள் காண வேண்டுமாயின் கல்வெட்டுப் பயிற்சி வேண்டும். ஊர் ஊராகச் செல்லப் பயணச் செலவு வேண்டும். மைப்படி எடுக்கத் தாளும் மையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வயிற்றுப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாத சில ஆண்டுகள் வேண்டும்.

உழவர் குடியிலோ தொழிலாளர் குடியிலோ முதன்முதலாகப் பட்டம் பெற்ற இளைஞருக்கு அந்தச் சில ஆண்டுகளைத் தருபவர் யார்? தொழிற்சாலையின் கதவு நாள்தோறும் காலையில் அவர் கண்முன் திறக்கிறது. ஆய்வின் கதவு எங்கே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. பொருள் குறித்த வினாவாகத் தோன்றும் இது, அடிப்படையில் வரலாறு குறித்த வினாவாகும். அறிவுழைப்பைத் தமிழகம் எவ்வாறு தாங்கி வந்துள்ளது, யாரைத் தாங்கியது, யாரைத் தவறவிட்டது என்பதை ஆராய்வது, எல்லைப்புறத்து இளைய ஆய்வாளர்க்கும் அவர்களுக்குத் துணைநிற்கும் இலக்கிய மன்றங்களுக்கும் இன்று தேவையான பணியாகும்.

தகடூர் கற்பித்த மூன்று பாடங்கள்

புலமைக்குப் பொருள் வழங்குதல் பற்றிய தமிழின் மிகப் பழைய சான்றுகள் சில, இந்நிலப்பகுதியோடு தொடர்புடையன. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியையும் அவனை நாடி வந்த புலவர்களையும் பற்றிய பாடல்கள் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் மூன்றின் சூழல்கள் நம் பொருளுக்கு நேரே பொருந்துவன.

பெருஞ்சித்திரனார் பரிசில் நாடி வந்தபோது, அதியமான் அவரை நேரிற் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம்மைக் கண்டு, தம் புலமையை அளந்து கொடுப்பதாயின் தினையளவும் போதும். காணாமல் கொடுப்பதை வாங்கிச் செல்லத் தாம் வணிகர் அல்லர் என்பது அவர் கருத்து. இது 208-ஆம் பாடல். அடுத்து, அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது ஔவையார் வாயில் காவலனை நோக்கிச் சினந்து பாடியது 206-ஆம் பாடல். அதே அரசனின் காலத்தாழ்வைக் குறித்தே, பரிசில் இன்று வாராவிடினும் தப்பாது வரும் என்று ஔவையார் உறுதியோடு பாடியது 101-ஆம் பாடல்.

இவற்றிலிருந்து மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன. முதலாவது காணுதல்: கொடுப்போர் புலமையைக் கண்டு கொடுக்க வேண்டும். இரண்டாவது காலம்: கொடுப்பது உரிய நேரத்தில் வந்து சேர வேண்டும். மூன்றாவது வாயில்: தகுதியுடையார் உள்ளே செல்ல வாயிலோன் தடையாதல் கூடாது. அரசனின் பரிசில் முதல் இன்றைய பல்கலைக்கழக உதவித்தொகை வரை, அறிவுக்கு வழங்கப்பெற்ற நல்கைகள் எல்லாவற்றையும் இம்மூன்று அளவுகோல்களாலும் அளந்து பார்க்கலாம்.

கையொப்பக் காலம்

மேற்கூறிய பாடல்களை இன்று நாம் படிக்க முடிவதற்கே ஒருவகை நல்கை முறை காரணமாயிற்று. புறநானூற்றை உரையுடன் முதன்முதலில் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தது 1894-இல். அவர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் மாதம் 50 ரூபாய் ஊதியத்தில் தமிழாசிரியரானவர். சேலம் இராமசுவாமி முதலியார் அங்கே முனிசீப்பாக வந்து, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவியதும், அவ்வினா ஐயரின் வாழ்க்கைத் திசையையே மாற்றியதும் தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும் அச்சேறின.

இப்பணிகளுக்கு அரசின் ஆய்வுத்தொகை எதுவும் கிடையாது. நூல் அச்சாகும் முன்னரே அதனை வாங்க ஒப்புக்கொள்வோரிடம் கையொப்பம் பெறுவதும், செல்வர்களையும் மடங்களையும் அணுகுவதும், குறைந்த பொருளுக்குச் சொந்தப் பொறுப்பில் கடன்படுவதுமே அக்காலப் பதிப்பாசிரியர்க்கு இருந்த வழிகள். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு ஐயருக்கு இருந்தது. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்ததும் இத்தகைய சூழலில்தான். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது, தனியொரு செல்வரின் கொடை ஒரு நிறுவனமாக உருப்பெற்றது.

கையொப்ப முறையில் காணுதல் இருந்தது. கையொப்பமிட்டவர், நூலின் அருமையை அறிந்தவராகவோ, ஆசிரியரை அறிந்தவராகவோ இருந்தார். ஆனால் அறிமுகம் இல்லாதவர்க்கு அந்த வாயில் திறப்பது அரிது. வாயில் தேடி நிற்க விரும்பாதோர் தம் கைப்பொருளையே ஆய்வுக்குச் செலவிட்டனர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவத்தால் ஈட்டிய பொருளைக் கொண்டு இசை மாநாடுகள் கூட்டினார். தமிழிசை பற்றிய பேராய்வான கருணாமிர்த சாகரத்தை 1917-இல் வெளியிட்டார். மருந்து விற்ற வருவாய் இசையாய்வாக மாறியது பெருமைக்குரியது. எனினும், விற்பதற்கு மருந்து இல்லாத ஆய்வாளர் என்ன செய்வது என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

ஓர் எழுத்தரின் குறிப்பேடு

அவ்வினாவுக்கு விடையாக அமைந்த நிகழ்ச்சி, தமிழகத்தின் ஆய்வு நல்கை வரலாற்றிலேயே மிகுந்த படிப்பினை உடையது. அதன் நாயகர் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணக்கைத் தவிர ஏனைய பாடங்களில் மனம் செல்லாமையால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி காண முடியவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை, 1909-இல் திருமணமும் ஆயிற்று. கையிலிருந்தவை கணித முடிபுகள் நிறைந்த குறிப்பேடுகள் மட்டுமே.

1910-இல் அவர் அக்குறிப்பேட்டுடன் திருக்கோவலூருக்குச் சென்றார். அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. இராமசுவாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தோற்றுவித்தவர். இராமானுஜன் வேண்டியது ஓர் எழுத்தர் வேலை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த இராமசுவாமி ஐயர், இத்தகைய அறிவைக் கடைநிலை அலுவலகப் பணியில் புதைக்க மனம் ஒப்பவில்லை. சென்னையில் உள்ள கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். அக்கடிதங்களின் வழியே நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவின் தொடர்பு கிடைத்தது. அவர் இராமானுஜனைச் சோதித்து அறிந்தபின், தம் சொந்தப் பொருளிலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பினார். உண்டு உறங்கிக் கணக்குப் போட அது போதுமாயிருந்தது. 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், ஒரு தனிமனிதருக்குச் சுமையாக இருப்பதை இராமானுஜன் விரும்பவில்லை. 1912 மார்ச்சு முதல் நாளன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அறிவை மதிப்பவர். 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த ஜி.எச். ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதம் உலகறிந்தது. ஆயினும் அவருக்கு முதல் ஆய்வு உதவித்தொகையைத் தந்தது சென்னை என்பது பலர் நினைவில் கொள்ளாத உண்மை.

1913 பிப்ரவரியில், வானிலைத் துறைத் தலைவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவருமான கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். அவரிடம் இராமானுஜனின் குறிப்பேடு காட்டப்பெற்றது. அவர் மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளர்க்குக் கடிதம் எழுதினார். இவ்விளைஞர் சில ஆண்டுகள் பிழைப்புக் கவலையின்றிக் கணிதத்தில் ஈடுபடப் பல்கலைக்கழகம் வழிசெய்ய வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். கணிதப் பாடக்குழு அதனை ஏற்றுப் பரிந்துரைத்தது.

இங்கேதான் வாயிலோன் குறுக்கிட்டான். பல்கலைக்கழக ஆய்வு உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது என்பது விதி. இராமானுஜனோ கல்லூரித் தேர்விலேயே தவறியவர். 1913 ஏப்பிரல் 7 அன்று ஆட்சிக்குழுவில் இவ்வெதிர்ப்பு எழுந்தபோது, துணைவேந்தரும் நீதிபதியுமான பி.ஆர். சுந்தரம் ஐயர் ஒரு வினா எழுப்பினார். பல்கலைக்கழகத்தை நிறுவிய சட்டத்தின் முகவுரையே ஆராய்ச்சியை வளர்ப்பதை அதன் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறவில்லையா என்பது அவ்வினா. விதியின் சொல்லுக்கு மேலாக விதியின் நோக்கம் நினைவூட்டப்பெற்றது. மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்க முடிவாயிற்று. துறைமுகக் கழகத்தில் பெற்ற எழுத்தர் ஊதியத்தைப் போல் இரண்டரை மடங்கு அது.

அந்நல்கைக்கு விதிக்கப்பெற்ற கடப்பாடு ஒன்றே: மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும். இராமானுஜன் 1913 ஆகஸ்டு, நவம்பர், 1914 மார்ச்சு ஆகிய மாதங்களில் மூன்று அறிக்கைகள் அளித்தார். அலுவலகக் கோப்புக்காக எழுதப்பெற்ற அவ்வறிக்கைகளில் அடங்கிய முடிபுகளைப் பிற்காலக் கணித அறிஞர் தனியே ஆராய்ந்து விளக்கியுள்ளனர். நல்கை பெறுவோர் எழுதும் அறிக்கையும் அறிவுச் செல்வமாகலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

1914 மார்ச்சு 17 அன்று அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்கியது. அதில் 50 பவுன் கும்பகோணத்துக் குடும்பத்துக்கு ஒதுக்கப்பெற்றது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி மேலும் 60 பவுன் அளித்தது. ஆய்வாளர் தனியர் அல்லர், அவரை நம்பி ஒரு குடும்பம் உண்டு என்பதை அந்நல்கை ஒப்புக்கொண்டது. 1918-இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகம் 1919 ஏப்பிரல் முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 250 பவுன் வழங்க முன்வந்தபோது, 1919 சனவரியில் அவர் பதிவாளர்க்கு எழுதிய கடிதம் நெஞ்சை உருக்குவது. தம் பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம் இன்றியமையாச் செலவும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்துக்கும் பள்ளிகளில் நூல்கள் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். 1920 ஏப்பிரல் 26 அன்று, 32 ஆண்டுகளே நிரம்பிய நிலையில், அவர் மறைந்தார்.

மூன்று அளவுகோல்களாலும் இந்நிகழ்ச்சியை அளந்தால் என்ன தெரிகிறது? காணுதல் நிகழ்ந்தது, குறிப்பேட்டைத் திறந்து பார்க்கும் பொறுமையுடையோர் ஒருவர்பின் ஒருவராகக் கிடைத்தனர். வாயில் திறந்தது, விதியின் நோக்கத்தை நினைவூட்டும் ஒரு துணைவேந்தர் இருந்தார். ஆனால் காலம் தவறிவிட்டது. கல்லூரியை இழந்த நாள் முதல் ஆதரவு கிடைக்கும் வரை கழிந்த ஐந்து ஆண்டுகளையே ஹார்டி பிற்காலத்தில் இராமானுஜன் வாழ்வின் உண்மையான அவலமாகக் கருதினார். இளமையில் நேர்ந்த இறப்பைவிட, வளரும் பருவத்தில் வழிகாட்டல் இன்றிப் போனதே பேரிழப்பு என்பது அவர் முடிபு. ஆதரவு ஐந்தாண்டு முந்தியிருந்தால் என்னும் ஏக்கம், நல்கை வரலாற்றைப் படிப்போர் எவர்க்கும் எழும்.

தொலைவில் திறந்த கதவுகள்

அருகிலுள்ள கதவு மூடியிருக்கத் தொலைவிலுள்ள கதவு திறந்த நிகழ்ச்சிகளும் உண்டு. தலைச்சேரியில் 1897-இல் பிறந்த இ.கே. ஜானகி அம்மாள் சென்னையில் பயின்று, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசியப் பெண்களின் உயர்கல்விக்கென லெவி பார்பர் என்பவர் ஏற்படுத்திய உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. 1924-இல் அங்குச் சென்ற அவர், 1931-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்க் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் மரபணுக் கூறுகளை ஆராய்ந்தார். ஒரு குறிப்பிட்ட பிரிவினர்க்கென்றே நல்கை ஒதுக்குவது தகுதியைக் குறைக்கும் என்று வாதிடுவோர்க்கு, ஜானகி அம்மாளின் வாழ்க்கையே விடையாகும். அவ்வொதுக்கீடு இல்லையேல் அத்தகுதி உலகுக்குத் தெரியவந்திருக்குமா என்பது ஐயமே.

நல்கை என்பது வறியவர்க்குப் பொருளாகவும் அலுவலில் இருப்போர்க்குக் காலமாகவும் அமையும். ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை ஆராய்ந்தவர். புகழூர்க் கல்வெட்டில் சேர அரசர் பெயர்களை 1965-இல் கண்டறிந்தவர். 1970-இல் கிடைத்த ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை அவரைச் சிந்து எழுத்து ஆய்வில் முழுமையாக ஈடுபடச் செய்தது. அதன் பயன், 1977-இல் வெளிவந்த சிந்து எழுத்துத் தொடரடைவு. 1992-இல் இந்திய வரலாற்று ஆய்வுக் கழகம் அளித்த தேசிய ஆய்வு நல்கை, தமிழ்ப் பிராமி ஆய்வைத் தொடரத் துணைசெய்தது. 2003-இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. பதினோராண்டு இடைவெளியைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. விரைந்து பயன் கேட்காத நல்கையே ஆழ்ந்த ஆய்வை விளைவிக்கும்.

அந்த ஆய்வுத்துறைக்குள் அதியமானும் மீண்டு வந்தான் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில், அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு பாழியை வழங்கிய செய்தியைக் கூறும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981-இல் கண்டறியப்பெற்றது. அசோகனின் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் யாவர் என்னும் நெடுநாள் வினாவுக்கு அது விடையளித்தது. ஏட்டில் இருந்தவன் கல்லிலும் கிடைத்தான். அதனைக் கண்டறிந்தது தமிழக அரசின் தொல்லியல் துறை. அதாவது, பொதுமக்களின் வரிப்பணத்தில் இயங்கும் ஆய்வு நிறுவனம்.

விதிகளின் காலம்

விடுதலைக்குப் பின் அரசே பெரும் புரவலராயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு 1953-இல் தோன்றி 1956-இல் சட்ட வடிவம் பெற்றது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், தமிழ்ப் பல்கலைக்கழகம், செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் ஆகியவை அடுத்தடுத்து எழுந்தன. 1984 முதல் இளநிலை ஆய்வு நல்கைக்கான தேசியத் தகுதித் தேர்வு நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்க்கென இராஜீவ் காந்தி தேசிய ஆய்வு நல்கை 2005-06-இல் தொடங்கப்பெற்றது. தேசியத் தகுதித் தேர்வில் வெல்வோர்க்கு மாதம் 37,000 ரூபாய் என்பது 2023 சனவரி முதல் நடைமுறையான தொகை.

இதனால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. துணை ஆட்சியரை அறிந்திருந்தால்தான் ஆய்வு என்னும் நிலை மாறியது. உத்தனப்பள்ளி மாணவியும் சென்னை மாணவியும் ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதுகின்றனர். அறிமுகத்தின் இடத்தை விதி பிடித்துக்கொண்டது. அதுவே மக்களாட்சியின் இயல்பு.

ஆயினும் விதிக்கும் கண்ணில் படாத மூலைகள் உண்டு. முதுகலையில் பொதுப்பிரிவினர்க்கு 55 விழுக்காடு, ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். இந்த விதியின்முன் இராமானுஜன் விண்ணப்பிக்கவே இயலாது. வயது வரம்பு முப்பது. பெண்களுக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. திருமணமும் மகப்பேறும் கடந்து, பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கியபின் படிப்பைத் தொடரும் பெண்ணுக்கு அந்த ஐந்தாண்டும் பல வேளைகளில் போதுவதில்லை. தமிழ் இலக்கியத்தைப் பாடமாக எடுப்பவரும் பொது முதல் தாளை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் படித்து விடையளிக்க வேண்டும். சங்க இலக்கியத்தில் தோய்ந்த மாணவர் ஒருவர், அயல்மொழியில் அமைந்த தருக்க வினாக்களால் நல்கையை இழப்பது அரிய நிகழ்ச்சியன்று. நல்கை முழுநேர ஆய்வாளர்க்கே உரியது என்பதால், குடும்பத்தைத் தாங்கத் தனியார் கல்லூரியில் பணியாற்றிக்கொண்டே பகுதிநேரமாக ஆய்பவர்க்கும் அது எட்டுவதில்லை. கிடைத்தவர்க்கும் தொகை மாதக் கணக்கில் தாழ்ந்து வருவது உண்டு. ஔவையார் வாயிலோனிடம் சினந்தது போல், இன்றைய ஆய்வாளர் யாரிடம் சினப்பது?

எல்லைப்புறத்துக் கதவுகள்

இந்நிலப்பகுதிக்கு நல்கை என்ன செய்யக்கூடும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் பேராசிரியர் கா. இராஜன் 2003-இல் அகழாய்வு செய்தார். 2021-இல் தமிழக அரசின் தொல்லியல் துறை அங்கே மீண்டும் அகழ்ந்தது. கரிமப் பொருள்களைக் காலக்கணிப்புக்கு அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பியது. 2022 மே 9 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்த முடிவு, தமிழகத்தில் இரும்பின் பயன்பாட்டைக் கி.மு. 2172 வரை பின்னோக்கிக் கொண்டு சென்றது. ஆய்வாளர் ஒருவரின் தொடக்க முயற்சி, அரசின் பொருள், அயல்நாட்டு ஆய்வகத்தின் கருவி ஆகிய மூன்றும் கூடியபின்னரே அம்மண் வாய் திறந்தது. மண் அங்கேயே நாலாயிரம் ஆண்டுகள் காத்திருந்தது.

எல்லைப்புறத்தில் வாழ்வதால் ஒரு நன்மையும் உண்டு. ஓசூருக்கு அண்மையிலுள்ள பெருநகரம் பெங்களூரு. அங்கே 1993-இல் தோன்றி, 1995 முதல் நல்கை வழங்கி வரும் இந்தியக் கலை அறக்கட்டளை, கலை ஆய்வுக்கான கருத்துருவைத் தமிழ் உள்ளிட்ட எந்த இந்திய மொழியில் எழுதி அனுப்பினாலும் ஏற்கிறது. தெருக்கூத்து, நாட்டார் பாடல், மும்மொழி வழக்கு ஆகியவற்றை ஆராய விரும்பும் இளைஞர்க்கு ஆங்கிலம் ஒரு மதிலாக நிற்க வேண்டியதில்லை என்பது பலர் அறியாத செய்தி. நடுவண் அரசின் பண்பாட்டு அமைச்சகம் இலக்கியம், நாட்டார் கலை முதலிய துறைகளில் இளநிலை, முதுநிலை நல்கைகளை வழங்குகிறது. நாற்பது வயது கடந்தோரும் முதுநிலை நல்கைக்கு விண்ணப்பிக்கலாம். தமிழக அரசின் முதலமைச்சர் ஆய்வு உதவித்தொகைத் திட்டம் மாநிலத்துக்குள்ளேயே திறந்துள்ள மற்றொரு கதவு. இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகமும், இந்திய வரலாற்று ஆய்வுக் கழகமும் தத்தம் துறைகளில் ஆய்வுத்தொகைகளை வழங்குகின்றன.

கதவுகள் பல. ஆனால் கதவின் இருப்பிடம் தெரிந்தால் மட்டும் போதாது. தட்டும் முறையும் தெரிய வேண்டும். நல்ல ஆய்வுக் கருத்துரு, பெரிய சொற்களால் நிறைந்த பாராட்டுரையாக அமைதல் ஆகாது. எந்த வினாவுக்கு விடை தேடப்படுகிறது, இதுவரை பிறர் கண்டது என்ன, எந்த ஊர்களில் எந்தச் சான்றுகள் எத்தனை திங்களில் திரட்டப்படும், ஒவ்வொரு படிக்கும் செலவு என்ன என்பவற்றை ஓர் அயலார் படித்தாலும் விளங்குமாறு எழுத வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்ட நடுகற்கள் என்று பரந்து கேட்பவரைவிட, ஒரு வட்டத்தின் எழுத்துடைய நடுகற்களைப் படியெடுத்து, அவற்றின் தமிழ், கன்னட வழக்குகளை ஒப்பிடுவேன் என்று வரையறுத்துக் கேட்பவர்மேல் நம்பிக்கை பிறக்கும். இராமானுஜனின் குறிப்பேடு செய்த வேலையை இன்று சில பக்கக் கருத்துரு செய்ய வேண்டியுள்ளது.

காண்பவர் யார்?

இவ்வரலாற்றின் இறுதியில் எஞ்சுவது காணுதல் என்னும் முதல் அளவுகோலே. தேர்வு மதிப்பெண்ணை அளக்கும். படிவம் வயதையும் பட்டத்தையும் அளக்கும். குறிப்பேட்டைத் திறந்து பார்ப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். திருக்கோவலூரில் அம்மனிதராக இருந்தவர் செல்வர் அல்லர். அவர் இராமானுஜனுக்குத் தந்தது பொருளும் அன்று. அவர் தந்தவை ஒரு நாளின் கவனமும் சில கடிதங்களுமே. அக்கடிதங்கள் இல்லையேல் இராமச்சந்திர ராவின் 25 ரூபாய் இல்லை. துறைமுகத்து வேலை இல்லை. வாக்கரின் பரிந்துரை இல்லை. பல்கலைக்கழகத்தின் 75 ரூபாயும் இல்லை.

ஊர்தோறும் இயங்கும் இலக்கிய மன்றங்கள் செய்யக்கூடிய பணி இதுவே. பத்தாண்டு காணும் ஒரு மன்றம் தன் அரங்கில் பாடிய கவிஞர்களை எண்ணிப் பெருமை கொள்வது முறை. அவ்வரங்கின் கடைசி வரிசையில், ஊர்க் கல்வெட்டையோ பாட்டி சொன்ன கதைப்பாடலையோ நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, காட்டத் தயங்கி அமர்ந்திருக்கும் இளைஞரையும் எண்ண வேண்டும். அந்நோட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பதும், அதற்கு ஏற்ற நல்கை எது என்று தேடிச் சொல்வதும், கருத்துருவைத் திருத்திக் கொடுப்பதும், பரிந்துரைக் கடிதம் எழுதுவதும் பெரும்பொருள் வேண்டாத கொடைகள். இறுதி நாளுக்கு முன் அக்கடிதத்தை எழுதி முடிப்பது காலத்தால் செய்த உதவி.

தகடூர் வாயிலில் பெருஞ்சித்திரனார் கேட்டது பெரும்பரிசில் அன்று. தம்மைக் காண வேண்டும் என்றே கேட்டார். அதே நிலத்தின் வரப்புகளில் நடுகற்கள் இன்னும் படிக்கப்படாமல் நிற்கின்றன. அவற்றைப் படிக்கத் தகுந்தவர் அடுத்த தெருவிலேயே இருக்கலாம். கல்லை அவர் காண்பதற்கு முன், அவரை ஒருவர் காண வேண்டும்.